அவையின் ஒரு நாள்: இந்திய நாடாளுமன்ற அன்றாட அலுவலில் மொழியின் வரலாறு

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் மன்றம் என்பது பாடநூல்கள் தரும் வரையறை. அவை கூடும் நாளொன்றின் பொழுது எவ்வாறு கழிகிறது என்று கூர்ந்து நோக்குவார்க்கு, சட்டத்திற்கு ஒதுக்கப்படும் நேரம் அதில் ஒரு பகுதியே என்பது புலனாகும். மக்களவை முற்பகல் 11 மணிக்குக் கூடுகிறது. வினாக்கள் எழுப்பப்படுகின்றன, ஆவணங்கள் அவையின் மேசைமீது வைக்கப்படுகின்றன, அவசரச் செய்திகளை உறுப்பினர்கள் எழுப்புகின்றனர், பிற்பகலில் சட்ட முன்வடிவு ஒன்றின்மீதோ நிதிநிலை அறிக்கையின்மீதோ விவாதம் தொடர்கிறது. வெள்ளிக்கிழமையாயின் இறுதி இரண்டரை மணி நேரம் தனி உறுப்பினர் அலுவலுக்கு உரியது. இவை யாவும் பேச்சினால் நிகழ்வன. பேச்சே செயலாகவும் அமையும் களம் என்ற நிலையில் நாடாளுமன்றத்திற்கு ஈடாகக் கூறத்தக்கது நீதிமன்றம் ஒன்றேயாகும்.

அங்ஙனமிருந்தும், அவ்வவையின் அன்றாட அலுவல் எம்மொழியில் நடைபெற்றது, பிறமொழி பேசுவோர் அதனை எவ்வாறு கேட்டனர், கேட்டது எவ்வாறு பதிவாயிற்று என்னும் வினாக்கள் அரசியல் நூலாரால் அடிக்குறிப்பு அளவிலேயே தொடப்பட்டுள்ளன. ஆட்சிமொழிச் சிக்கல் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவையின் பேச்சுமொழி பற்றியவை மிகச் சில. இரண்டும் ஒன்றன்று என்பதனை முதலிலேயே மனங்கொள்ளல் வேண்டும். அரசியலமைப்பும் அவற்றை வேறாகவே வைத்துள்ளது. ஆட்சிமொழி பதினேழாம் பகுதியில் இடம்பெற, நாடாளுமன்றத்தின் மொழி ஐந்தாம் பகுதியில் 120ஆம் உறுப்பாக நிற்கிறது.

இயலாமையே உரிமையான கதை

ஆங்கிலேயர் ஆட்சியில் மையச் சட்டமன்றத்தின் மொழி ஆங்கிலம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமும் அதனையே வலியுறுத்திற்று. ஆங்கிலம் அறியாதார் அல்லது போதிய அளவு அறியாதார் பிறமொழியில் பேச விதிகள் இடந்தரல் வேண்டும் என்ற சலுகையினை மட்டும் சேர்த்தது.

அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9ஆம் நாள் கூடியது. மறுநாளே மொழிப்பூசல் எழுந்துவிட்டது. ஆர்.வி. துலேகர் என்னும் உறுப்பினர் இந்துஸ்தானியில் பேசத் தொடங்க, பலருக்கு அம்மொழி தெரியாது என்று தற்காலிகத் தலைவர் சச்சிதானந்த சின்கா நினைவூட்டினார். இந்துஸ்தானி அறியாதார்க்கு இந்தியாவில் இருக்கவே உரிமையில்லை என்னும் கருத்துப்பட துலேகர் மறுமொழி கூறினார். அன்று அவையின் முன்னிருந்த பொருள் விதிமுறைக் குழு பற்றியது, மொழி பற்றியதன்று. நாடாளுமன்ற வரலாற்றில் மொழி பெரும்பாலும் இவ்வாறே, வேறொரு பொருளின் நடுவே புகுந்து அலுவலைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்த விவாதத்தின் முடிவில் முன்ஷி–ஐயங்கார் உடன்பாடு ஏற்கப்பட்டது. கே.எம். முன்ஷியும் கோபாலசாமி ஐயங்காரும் வகுத்த அவ்வுடன்பாடு பதினைந்தாண்டு இடைக்காலத்தினை ஆங்கிலத்திற்கு வழங்கிற்று. 120ஆம் உறுப்பும் அதே கால அளவினைக் கொண்டது. நாடாளுமன்ற அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும். இவ்விரண்டிலும் தம் கருத்தைப் போதிய அளவு வெளியிட இயலாத உறுப்பினரை அவரது தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம். நாடாளுமன்றம் சட்டத்தால் வேறுவகை செய்யாவிடின் பதினைந்தாண்டின் பின் ஆங்கிலம் நீங்கும். இதுவே அதன் சாரம்.

இங்குத் தாய்மொழி உரிமையாக வழங்கப்படவில்லை. இயலாமைக்கு இரங்கித் தரும் இசைவாகவே வழங்கப்பட்டது. ஆங்கிலம் நன்கறிந்த தமிழர் ஒருவர் தமிழில் பேச விரும்பினால் இவ்வுறுப்பின் சொற்கள் அவருக்குத் துணை நிற்கவில்லை. விடுதலைக்கு முன்னைய சட்டத்தின் சலுகை வாசகமே, ஆங்கிலத்தின் அருகில் இந்தியைச் சேர்த்துக்கொண்டு, குடியரசின் அரசியலமைப்பில் குடிபுகுந்தது என்பது மிகையாகாது. பிற்காலத்தில் நடைமுறை நெகிழ்ந்தது. உறுப்பின் வாசகம் நெகிழவில்லை.

ஒரு துணைவினை பட்ட பாடு

பதினைந்தாண்டு முடிவை நோக்கி நாள்கள் செல்லச் செல்ல அச்சம் மிகுந்தது. எட்டாம் அட்டவணையில் ஆங்கிலத்தைச் சேர்க்க வேண்டும் என்று பிராங்க் அந்தோணி கொணர்ந்த தீர்மானத்தின்மீது பேசுகையில், 1959 ஆகஸ்டு 7ஆம் நாள், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு மக்களவையில் உறுதி கூறினார். அவ்வுறுதிக்குச் சட்டவடிவம் தர முனைந்ததே 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம்.

இச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படுவதனைக் குறிக்க 'மே' என்னும் துணைவினை ஆளப்பட்டது. 'ஷல்' என்றிருத்தல் வேண்டும் என்பது எதிர்த்தோர் வாதம். மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா இதனை அழுத்தமாக எடுத்துரைத்தார். அவ்விடத்தில் 'மே' என்பதும் 'ஷல்' என்பதும் ஒன்றே என நேரு விடையிறுத்தார். தமிழில் இச்சிக்கலை எடுத்துரைப்பது எளிது. 'பயன்படுத்தலாம்' என்பதற்கும் 'பயன்படுத்தப்படும்' என்பதற்கும் உள்ள வேறுபாடே அது. '-லாம்' என்னும் ஈறு இசைவையும் குறிக்கும், நிகழக்கூடிய நிலையையும் குறிக்கும். கட்டாயத்தை மட்டும் குறிப்பதில்லை. பேசுவோன் நல்லெண்ணம் உடையவனாயின் '-லாம்' போதும். அவனுக்குப் பின் வருவோனையும் கட்டுப்படுத்த வேண்டுமாயின் போதாது. நேரு 1964 மே 27இல் மறைந்தார். எட்டு மாதங்களில், 1965 சனவரியில், தமிழகத்தில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. அடுத்த மாதம் மைய அமைச்சர் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர்.

1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் இதனை வேறொரு வழியில் தீர்த்தது. 'மே' நீக்கப்படவில்லை. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றி, அவற்றின்மீது நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் இயற்றும்வரை அப்பிரிவின் பெரும்பகுதி நிலைபெறும் என்று ஐந்தாம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. மேசைமீது வைக்கப்படும் அறிக்கைகள் இருமொழியிலும் இருத்தல் வேண்டும் என்னும் இடத்தில் 'ஷல்' வந்தது. இன்றுவரை நாடாளுமன்றத்தில் ஆங்கிலம் ஒலிப்பது அந்த '-லாம்' ஒன்றினாலேயே ஆகும்.

வினாவும் வாக்குறுதியும்

வினா எழுப்பும் உரிமை 1892ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில் சட்டத்தால் வந்தது. துணைவினா கேட்கும் உரிமை 1909இல் சேர்ந்தது. வாய்மொழி விடை வேண்டும் வினாவுக்கு உடுக்குறி இடும் வழக்கம் 1921இல் தொடங்கிற்று. நட்சத்திரக் கேள்வி என்று செய்தித்தாள்கள் இன்றும் எழுதும் பெயரின் பிறப்பு இதுவே. மக்களவையில் நாளொன்றுக்கு 20 உடுக்குறி வினாக்களும் எழுத்து விடைக்குரிய 230 வினாக்களும் பட்டியலில் இடம்பெறும். மாநிலங்களவையில் 2014 முதல் வினா நேரம் நண்பகல் 12 மணிக்கு மாறியது. 1975 சூலையில் நெருக்கடி நிலையின்போதும், 2020இல் பெருந்தொற்றின்போதும் வினா நேரமே இல்லாமற் கூட்டத்தொடர்கள் நடந்தன.

பட்டியலில் உள்ள 20இல் சிலவே அவையில் வாய்மொழியாக எட்டப்படுகின்றன. வினாவின் ஆற்றல் எழுதி அனுப்பிய வாசகத்தில் இல்லை. அதனைத் தொடரும் துணைவினாவில் உள்ளது. எழுதிய விடையை அமைச்சர் படிக்கலாம். துணைவினாவுக்கு அவ்விடத்திலேயே, தம் சொற்களில் விடை கூறல் வேண்டும். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா நிறுவனங்களில் செய்த முதலீடு பற்றி அவையில் எழுந்த வினாக்களும், அதே ஆண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி ஆற்றிய உரையும் சாக்ளா விசாரணைக்கு வழிகோலி, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகுவதில் முடிந்தன.

மொழியியலார் சிறப்பாக நோக்கத்தக்கது விடையின் வாய்பாடு. தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசைமீது வைக்கப்படும். செய்தி பரிசீலனையில் உள்ளது. ஆவன செய்யப்படும் என்பன போன்ற தொடர்கள் அமைச்சர்களின் நாவில் பழகியவை. அன்றாட வழக்கில் இவை தட்டிக்கழிக்கும் சொற்கள். அவையிலோ இவை வாக்குறுதிகளாகக் கொள்ளப்படுகின்றன. மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு 1953இல் அமைக்கப்பட்டது. எத்தொடர்கள் உறுதிமொழியாகக் கருதப்படும் என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. அப்பட்டியலில் உள்ள ஒரு தொடரை அமைச்சர் கூறிவிட்டால், மூன்று திங்களுக்குள் அதனை நிறைவேற்றும் கடமை அமைச்சகத்திற்கு நேர்கிறது. சொல்லே செயலாதல் பற்றிய ஆஸ்டினின் நூல் 1962இல்தான் அச்சேறிற்று. அதற்கு முன்பே, கோட்பாட்டின் துணையின்றி, சொல்லிய சொல்லுக்குச் சொன்னவரைப் பொறுப்பாக்கும் வழியை அவையின் அலுவலகம் கண்டிருந்தது.

வாக்கெடுப்பிலும் இதே நுட்பம் உண்டு. ஆம் என்போர், இல்லை என்போர் குரல்களைக் கேட்டபின், ஆம் என்போரே மிகுதி என்று தாம் நினைப்பதாக அவைத்தலைவர் முதலில் கூறுவார். 'நினைக்கிறேன்' என்னும் அச்சொல் மறுப்புக்குத் திறந்த வாயில். மறுப்பு எழாவிடின், அச்சொல்லை விடுத்து முடிவை இருமுறை கூறுவார், தீர்மானம் நிறைவேறிற்று. மறுப்பு எழுந்தால் மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும், உறுப்பினர் எண்ணப்படுவர்.

பெயரிட்ட வகை

இந்நடைமுறைகட்குத் தமிழ் சூட்டிய பெயர்கள் இந்தி சூட்டியவற்றினின்று பல இடங்களில் வேறுபடுகின்றன. பாராளுமன்றம் என்னும் சொல் ஆங்கில ஒலியைத் தழுவியும் 'பார் ஆளும் மன்றம்' எனப் பொருள் தந்தும் அமைந்தது. உலகை ஆளும் மன்றம் எங்குள்ளது என்ற தயக்கத்தால் போலும், தமிழகத்தில் நாடாளுமன்றம் என்பது மேலோங்கிற்று. இலங்கையிலோ பாராளுமன்றம் என்பதே இன்றும் முறையான பெயர். 1954இல் ஈரவைகளும் லோக் சபா, ராஜ்ய சபா என இந்திப் பெயர் பெற்றன. இரண்டாவதனை ஒலிபெயர்த்துக் கொள்ளாமல் மாநிலங்களவை என்று தமிழ் மொழிபெயர்த்தது பொருத்தமானது. இந்தியில் 'ராஜ்ய' என்பது மாநிலத்தைக் குறிக்க, தமிழ் காதுக்கு அது அரசாட்சியையே உணர்த்தும்.

கட்சி உறுப்பினரை அவைக்குத் திரட்டி வாக்களிக்கச் செய்பவரை ஆங்கிலம் சாட்டையின் பெயரால் அழைக்கிறது. இந்தி அவ்வுருவகத்தைக் கைவிட்டு, எச்சரிப்பவர் எனப் பொருள்படும் 'சசேதக்' என்பதனை ஆக்கிக்கொண்டது. தமிழோ சாட்டையை விடவில்லை. ஆனால் தன் சொல்லை விடுத்து, சவுக்கைக் குறிக்கும் கொறடா என்னும் வந்தேறு சொல்லை வைத்துக்கொண்டது. இன்று அச்சொல்லைக் கேட்போரில் சவுக்கை நினைப்பவர் அரியர். மசோதா என்பதும் அவ்வாறே: அரபு மூலத்தினின்று வந்த இச்சொல் தமிழ்ச் செய்தித்தாளில் நிலைத்துவிட, சட்ட முன்வடிவு என்பது அலுவல் தாளில் வாழ்கிறது.

இவற்றுள் மிகச் சிறந்த ஆக்கம் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். வினா நேரம் முடிந்ததும், முன்னறிவிப்பின் வழக்கமான கட்டின்றி உறுப்பினர்கள் அவசரச் செய்திகளை எழுப்பும் பழக்கம் 1960களின் தொடக்கத்தில் வேரூன்றிற்று. விதிநூலில் பெயர் பெறாத இதற்குச் செய்தியாளர் 'ஜீரோ அவர்' என்றனர். போரில் தாக்குதல் தொடங்கும் கணத்தைக் குறித்த சொல் அது. இந்தி அதனைச் 'சூன்ய கால்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. பூஜ்ய நேரம் என்று தமிழிலும் எழுதியோர் உளர். தமிழகச் சட்டமன்றச் செய்திகளின் வழியே பரவிய 'நேரமில்லா நேரம்' என்பதோ சொல்லைப் பெயர்க்காது பொருளைப் பெயர்த்தது. ஒதுக்கப்பட்ட நேரம் என ஒன்றில்லாத நேரம் என்பதே அதன் உண்மையான இயல்பு. ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் பொருளைத் துல்லியமாகத் தருகிறது.

அவைத்தலைவரை விளிக்கும் முறையிலும் ஒரு வேறுபாடு காணலாம். 2009இல் மீரா குமாரும், 2014இல் சுமித்ரா மகாஜனும் அவைத்தலைவராக அமர்ந்தபோது ஆங்கிலத்தில் 'சர்' போய் 'மேடம்' வர வேண்டியிருந்தது. இந்தியிலும் ஈறு மாறிற்று. 'அவைத்தலைவர் அவர்களே' என்னும் தமிழ் விளி இருபாலுக்கும் மாறாது நின்றது.

செவிப்பொறியும் வினைமுற்றும்

1952 மே 13இல் முதல் மக்களவை கூடியது முதல் பன்னிரண்டு ஆண்டுகள், பேசப்படும்போதே உரையைப் பெயர்த்து வழங்கும் ஏற்பாடு அவையில் இல்லை. இந்தி அறியாத உறுப்பினர், இந்தியில் நடந்த விவாதத்தின்போது அவையில் இருந்தும் இல்லாதவரே. 1964 செப்டம்பர் 7ஆம் நாள் மக்களவையில் இந்தி–ஆங்கில உடனடி மொழிபெயர்ப்பு தொடங்கப்பட்டது. இருக்கைதோறும் செவிப்பொறியும் மொழி தேரும் விசையும் வைக்கப்பட்டன. கண்ணாடி அடைப்புக்குள் அமர்ந்த மொழிபெயர்ப்பாளர் அவையைப் பார்த்தவாறே பேச்சைப் பெயர்த்தனர். 1967 தேர்தலில் தி.மு.க. 25 உறுப்பினருடன் மக்களவைக்குள் நுழைந்ததும், தமிழ் முதலிய பிறமொழிகட்கும் இவ்வசதி வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. படிப்படியாக அவ்வசதியும் வந்தது. அதற்கு ஒரு கட்டு உண்டு. தமிழில் பேசவிருப்பவர் முன்கூட்டித் தெரிவித்தல் வேண்டும். ஆகவே எழுதி வந்த உரைக்குத் தமிழ் உதவிற்று. துணைவினாவுக்கும், குறுக்கிட்டு உரைக்கும் மறுப்புக்கும், அதாவது அவையின் உயிர் துடிக்கும் இடங்கட்கு, அது எளிதில் உதவவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு மொழியமைப்பில் உள்ளது. தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் வரும். எதிர்மறையும் அவ்வினையோடு ஒட்டியே வரும். 'இச்சட்டத்தால் உழவர்க்கு நன்மை விளையும் என்று இங்குப் பலரும் எடுத்துக்கூறிய கருத்தை நான் ஏற்க...' என்பது வரை கேட்ட மொழிபெயர்ப்பாளர்க்கு, உறுப்பினர் சட்டத்தை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்பது தெரியாது. '-இறேன்' வருமோ, '-இயலாது' வருமோ என்று காத்திருத்தல் வேண்டும். ஆங்கிலத்திலோ வினை எழுவாயை அடுத்தே வந்தாக வேண்டும். காத்திருந்தால் அடுத்த தொடர் தொடங்கிவிடும். காத்திராவிடின் ஊகித்தல் வேண்டும். பெயரெச்சங்களை அடுக்கிப் பேசும் மேடைத்தமிழ் இவ்விடரைப் பன்மடங்காக்கும்.

இந்தியும் வினையை இறுதியில் வைக்கும் மொழியே. தமிழினின்று இந்திக்கு நேரே பெயர்த்தால் சொற்கிடக்கை பெரிதும் ஒத்துவரும். ஆயினும் தமிழுரை முதலில் ஆங்கிலமாகி, அவ்வாங்கிலத்தைக் கேட்டே இந்தியாகும் தொடர்முறையே வழக்கில் கைக்கொள்ளப்பட்டது. சொற்கிடக்கை ஒத்த இரு மொழிகட்கு இடையே ஒவ்வாத மொழியொன்று பாலமாயிற்று. இதற்குக் காரணம் மொழியியலில் இல்லை. தமிழும் இந்தியும் ஒருங்கே வல்ல மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றாத ஆட்சி வரலாற்றில் உள்ளது.

2018 சூலையில் டோக்ரி, காஷ்மீரி, கொங்கணி, சந்தாலி, சிந்தி என்னும் ஐந்தும் சேர, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் உறுப்பினர் பேச மாநிலங்களவையில் வழி ஏற்பட்டது. இது உறுப்பினர் பேசும் மொழியைப் பிறர்க்குப் பெயர்க்கும் ஏற்பாடு. அவையில் நிகழ்வது உறுப்பினரின் மொழியில் அவர் காதுக்கு வருவது வேறொன்று. மக்களவையில் போடோ, டோக்ரி, மைதிலி, மணிப்புரி, உருது, சமற்கிருதம் ஆகிய ஆறு மொழிகள் சேர்க்கப்பட்டதாக அவைத்தலைவர் ஓம் பிர்லா 2025 பிப்ரவரியில் அறிவித்தார். அன்று சமற்கிருதத்தைச் சேர்த்தது பற்றித் தயாநிதி மாறன் மறுப்புரைக்க, அவை மீண்டும் மொழிப்பூசலுக்குள் சென்றது.

பதிவில் நிற்பதும் நில்லாததும்

அவைத்தலைவரின் மேடைக்கு முன்னுள்ள மேசையில் அமரும் பதிவாளர்கள் சில நிமிடங்களுக்கு ஒருவர் என மாறி மாறிப் பேச்சை எழுதுகின்றனர். ஆங்கிலம் உரோம எழுத்திலும், இந்தி தேவநாகரியிலும் மூலப்பதிவில் ஏறுகின்றன. நீக்க ஆணையிடப்பட்ட சொல்லின் இடத்தில் உடுக்குறிகள் நிற்கும். மக்களவை விதி 380 நீக்கும் அதிகாரத்தை அவைத்தலைவர்க்கு அளிக்கிறது. தகாச்சொற்களின் தொகுப்பு காலந்தோறும் வெளியிடப்படுகிறது. 1950களில் அதில் இடம்பெற்ற கோட்சே என்னும் பெயர், அதனையே குடும்பப்பெயராகக் கொண்ட நாசிக் உறுப்பினர் ஹேமந்த் கோட்சேயின் முறையீட்டின்பின், 2015இல் நாதுராம் கோட்சே என்ற முழுப்பெயரளவில் சுருக்கப்பட்டது. ஒரு சொல்லைத் தகாததாக்குவது அதன் ஒலியன்று, சுட்டே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2022 சூலையில் வெளிவந்த தொகுப்பு அன்றாட ஆங்கிலச் சொற்கள் பலவற்றைக் கொண்டிருந்ததால் எதிர்ப்பு எழுந்தபோது, எச்சொல்லும் தடைசெய்யப்படவில்லை. சூழல் நோக்கியே நீக்கம் நிகழும் என்று அவைத்தலைவர் விளக்கினார்.

மூலப்பதிவின் மற்றோர் உடுக்குறி தமிழர்க்கு நெருங்கியது. தமிழில் ஆற்றப்பட்ட உரையின் தலைப்பில் அக்குறி நிற்கும். பக்கத்தின் அடியில், இது தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்ற குறிப்பு இருக்கும். அதற்கு மேல் அச்சிலிருப்பது ஆங்கிலமே. உருது உரைக்கு அதன் எழுத்தில் இடமளித்த பதிவு தமிழ் மூலத்திற்கு அவ்விடத்தை அளிக்கவில்லை. எனவே அரை நூற்றாண்டுக்கு மேலாக நாடாளுமன்றத்தில் தமிழ் பேசப்பட்டிருந்தும், அங்கு உருவான தமிழ் நடையை ஆராய்வார்க்கு அச்சுச் சான்று கிட்டுவதில்லை. கவன ஈர்ப்பு, வெட்டுத் தீர்மானம் போன்ற கலைச்சொற்களை அவ்வுறுப்பினர்கள் அவையில் எவ்வாறு ஆண்டனர், எவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லுக்குத் தாவினர், எள்ளலை எவ்வாறு மரியாதை வடிவத்திற்குள் அடக்கினர் என்பவற்றை அறிய ஆங்கிலப் பெயர்ப்பு உதவாது. தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய பின்னைய உரைகட்கு ஒலிப்பதிவு உண்டு. அவற்றைக் கேட்டு எழுத்தில் பெயர்த்து ஒரு தரவகமாகத் தொகுப்பது ஒரு மொழி நிறுவனம் சில ஆண்டுகளில் செய்து முடிக்கத்தக்க பணி. அதற்கு முந்தைய காலத்திற்குரியவை உறுப்பினர்களின் வீட்டுக் கோப்புகளிலும், கட்சி ஏடுகளிலும், உரையைத் தாமே வெளியிட்ட சிறு நூல்களிலும் தேடப்பட வேண்டியவை. அவற்றின் தாள் ஆண்டுதோறும் நொறுங்கி வருகிறது.